கிறிஸ்துமஸ் வழக்கங்களுக்கும் பழைய காலத்து விவசாயத்துக்கும் பொருத்தம் இருக்கா?

மெழுகுவத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க சபை வாலிபர் கூட்டத்துல போன வாரம் ஒரு பெரிய வாக்குவாதம், அதுலேர்ந்து இது மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, அதான் இங்க கேக்கலாம்னு. ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. அதுல என்ன போட்டிருந்தான்னா, பழைய காலத்துல எல்லாரும் மண்ணை நம்பி வாழ்ந்தவங்க, பண்டிகைன்னா அறுப்பு முடிஞ்சு வரணும், டிசம்பர் 25ல ஐரோப்பால ஒரு பயிரும் இல்ல, பனி கொட்டுது, அப்ப அந்த நேரத்துல 12 நாள் விருந்து வச்சிருக்க முடியுமா, இதெல்லாம் பின்னால வியாபாரிங்க கட்டிவிட்டதுன்னு. இன்னொரு பக்கம் ஒரு அண்ணன், இல்லம்மா அது பழைய சூரிய பண்டிகை, சபை அதை அப்படியே தூக்கிக்கிச்சுன்னு சொல்றாரு. மூணாவது ஆளு லூக்கா 2:8ஐ எடுத்துக்கிட்டு, இயேசு பிறந்த ராத்திரி மேய்ப்பர்கள் வயல்வெளியில மந்தையைக் காத்துட்டிருந்தாங்கன்னா அது டிசம்பரே கிடையாது, குளிர்ல எவன் ஆட்டை வெளிய விடுவான்னு கேக்குறாரு.

எனக்கு எது சரின்னு தெரியல. யாரையும் ஜெயிக்கணும்னு இல்லைங்க, உண்மையிலேயே தெரிஞ்சுக்கணும். பன்றி இறைச்சி, மரம், வைக்கோல், கட்டை எரிக்கிறது, 12 நாள், இந்த மாதிரி வழக்கம் எல்லாம் அந்த காலத்து உழவு மாசங்களோட பொருந்துதா இல்லையா? விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

---

களத்துமேடு எழுதியது:

நல்ல கேள்விம்மா. இதுல ரெண்டு கேள்வி ஒண்ணா பின்னிக் கிடக்கு, அதைப் பிரிச்சாலே பாதி சண்டை முடிஞ்சிரும். ஒண்ணு, தேதி எங்கேர்ந்து வந்துச்சு. இன்னொண்ணு, அந்த தேதில மக்கள் என்ன பண்ணாங்க.

தேதிய முதல்ல முடிச்சிடுறேன். டிசம்பர் 25னு நமக்குக் கிடைக்கிற பழைய எழுத்து ரோம்ல 354ல தொகுத்த ஒரு நாட்காட்டி, அதுல இருக்குற பட்டியல் 336 வாக்குல போட்டதுன்னு ஆராய்ச்சியாளர்கள் கணிக்கிறாங்க. அதே தொகுப்புலயே டிசம்பர் 25க்கு வெல்ல முடியாத சூரியனோட பிறந்தநாள்னும் இருக்கு, 274ல அவுரேலியன் பேரரசர் அந்த சூரிய தெய்வத்துக்குக் கோயில் கட்டினவர், அதனால உங்க அண்ணன் சொல்றது காத்துல பறிச்சது இல்ல. ஆனா இன்னொரு கணக்கும் உண்டு. இயேசு கருவானது மார்ச் 25, அதுலேர்ந்து 9 மாசம் கூட்டினா டிசம்பர் 25. இதை 1889ல துஷேன்னு ஒரு பிரெஞ்சு சரித்திர அறிஞர் எடுத்து வச்சாரு, இன்னைக்கும் ரெண்டு கட்சியும் மோதிக்கிட்டுதான் இருக்காங்க. எது சரியானாலும், ரெண்டுலயும் விவசாயி இல்லைங்கிறத கவனிங்க. ஒண்ணு வானத்தைப் பாத்த கணக்கு, இன்னொண்ணு வேதத்தைப் பாத்த கணக்கு.

ஆனா அந்த தேதி வடக்கு ஐரோப்பாக்குப் போய்ச் சேர்ந்தப்ப உழவு வருஷத்துல எங்க போய் விழுந்துச்சுன்னு பாருங்க, அங்கதான் எனக்கு ஆச்சரியமே. அந்த ஃபார்வர்டு எழுதினவர் அறுப்பு முடிஞ்ச உடனே விருந்துன்னு நினைக்கிறாரு. இங்கிலாந்து, பிரான்ஸ் பக்கம் கோதுமை அறுப்பு ஆகஸ்ட் செப்டம்பர். அறுத்த கையோட ஓய்வு கிடையாது, உடனே தரிசை உழுது குளிர்கால கோதுமையும் ரைங்கிற தானியமும் விதைக்கணும், அது அக்டோபர் தாண்டி நவம்பர் வரைக்கும் இழுக்கும். அடுத்த விதைப்பு, அதாவது பார்லி, ஓட்ஸ், பட்டாணி, பிப்ரவரி மார்ச்லதான். நடுவுல தரை உறைஞ்சு கிடக்கும், ஏர் இறங்காது. லண்டன் பக்கம் டிசம்பர் கடைசில பகல் வெளிச்சம் 8 மணி நேரத்துக்கும் கொஞ்சம் கம்மி. அப்ப வருஷத்துல 12 நாள் வேலையை விட்டா பயிருக்குக் கேடு வராத இடம் எதுன்னு ஒரு உழவன்கிட்ட கேட்டிருந்தா இதைத்தான் காட்டியிருப்பான்.

இன்னொண்ணு, அந்த நேரத்துல வீடு காலியா இருந்துச்சுன்னு நினைக்கிறது தப்பு. களஞ்சியத்துல கதிர்க்கட்டு இருக்கு, குளிர்காலம் பூரா கொஞ்சம் கொஞ்சமா அடிச்சுத் தூத்துவாங்க. புது பார்லிய முளைகட்டி உலர்த்தி ஏல்ங்கிற பீர் காய்ச்சியாச்சு. பன்னிங்க இலையுதிர் காலத்துல காட்டுல ஓக் கொட்டையைத் தின்னு கொழுத்துப் போயிருக்கும். 1086ல இங்கிலாந்துல எடுத்த டூம்ஸ்டேங்கிற நிலக் கணக்குல பல ஊர்க் காட்டோட அளவையே இத்தனை பன்னிக்கான காடுன்னுதான் குறிச்சிருக்காங்க, அவ்வளவு முக்கியம் அது. கொட்டை தீர்ந்துட்டா அதுங்களுக்குப் போட ஒண்ணும் இல்ல, அதனால நவம்பர் டிசம்பர்ல வெட்டுவாங்க, குளிர்ல கறி கெடாது, மிச்சத்தை உப்புக்கண்டம் போட்டுப் புகையில தொங்கவிடுவாங்க. கோயில் சுவத்துல, ஜெபப் புத்தகத்துலலாம் மாசத்துக்கு ஒரு வேலைன்னு வரைஞ்ச படங்கள் ஐரோப்பா முழுக்க இருக்கு, அதுல திரும்பத் திரும்ப வர்றது நவம்பர்ல பன்னிக்கு ஓக் கொட்டை உதிர்க்கிறது, டிசம்பர்ல பன்னி வெட்டுறது, ஜனவரில மேசைல உக்காந்து சாப்பிடுறது. வியாபாரி வந்து கட்டிவிட வேண்டிய அவசியமே இல்லாத வரிசைங்க இது.

12 நாளும் பழசுதான். 567ல பிரான்ஸ்ல தூர் நகரத்துல கூடுன சபைச் சங்கம், அதாவது ஆயர்கள் கூட்டம், கிறிஸ்துமஸ்லேர்ந்து ஜனவரி 6 வரைக்கும் திருநாள்னு சொல்லுது. 9ஆம் நூற்றாண்டுக் கடைசில இங்கிலாந்துல ஆல்ஃபிரட் ராஜாவோட சட்டம் கிறிஸ்துமஸுக்கு 12 நாள் விடுமுறை கொடுக்குது, ஆனா சுதந்திர ஆளுங்களுக்கு மட்டும். அடிமைக்கு இல்ல. இதைப் படிச்சப்ப எனக்கு மனசு கனத்துப் போச்சு. அந்த 12 நாளும் மாட்டுக்குத் தீவனம் போட்டது யாருன்னு அதுலேர்ந்தே புரிஞ்சிரும்.

12 நாள் முடிஞ்சா உடனே வேலை. இங்கிலாந்துல அந்த காலத்துல ஜனவரி 7 பொம்பளைங்க திரும்ப நூல் நூற்க உக்கார்ற நாள், ஜனவரி 6க்கு அப்புறம் வர்ற முதல் திங்கள் ஏர்த் திங்கள், இளவட்டங்க ஏரை ஊருக்குள்ள இழுத்துட்டு வந்து காசு கேப்பாங்க. பண்டிகையோட வாசல்லயே ஏர் நிக்குது பாருங்க. இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்.

---

முன்மாரி எழுதியது:

மேல அண்ணன் ஐரோப்பாவ நல்லா சொல்லிட்டாரு, நான் மேய்ப்பர்கள் விஷயத்துக்கு மட்டும் வர்றேன் ஏன்னா இந்த வாதத்தை நானும் பல வருஷம் நம்பி மேடைலயே பேசியிருக்கேன், அப்புறம் உக்காந்து படிச்சப்பதான் அது அவ்வளவு உறுதி இல்லைன்னு தெரிஞ்சுது.

டிசம்பர்ல குளிர், ஆட்டை வெளிய விட மாட்டாங்கன்னு சொல்றவங்க மனசுக்குள்ள பனி மூடுன ஐரோப்பாவ வச்சுக்கிட்டுதான் பெத்லகேமைப் பாக்குறாங்க. பெத்லகேம் கடல் மட்டத்துலேர்ந்து சுமார் 775 மீட்டர் உயரம், குளிர்காலத்துல ராத்திரி 5 டிகிரி பக்கம் இறங்கும், மழை பெய்யும், எப்பவாவது பனியும் விழும். கஷ்டம்தான், ஆனா அங்க பருவமே தலைகீழ். கோடைல ஒரு சொட்டு மழை கிடையாது, புல்லெல்லாம் கருகிரும். அக்டோபர் நவம்பர்ல முன்மாரி, அதாவது முதல் மழை, விழுந்தப்புறம்தான் மலை பச்சை கட்டுது. ஐரோப்பா உழவனுக்கு டிசம்பர் பூமி தூங்குற மாசம், யூதேயாக்காரனுக்கு அது பூமி முழிச்சுக்குற மாசம். விதைப்பும் அப்பதான். அந்த நாட்டுலயே கேசேர்ங்கிற பழைய ஊர்ல 1908ல கிடைச்ச ஒரு சின்ன சுண்ணாம்புக் கல்லு இருக்கு, கி.மு. 10ஆம் நூற்றாண்டு, அதுல உழவு மாசங்களை வரிசையா செதுக்கியிருக்காங்க: சேர்க்கிறது ரெண்டு மாசம், விதைப்பு ரெண்டு மாசம், பின்விதைப்பு ரெண்டு மாசம், ஆளி செடி பிடுங்க ஒரு மாசம், பார்லி அறுப்பு ஒரு மாசம்னு போகும். கணக்கு போட்டா டிசம்பர் விதைப்புக்குள்ள வந்து விழுது. பார்லி அறுப்பு பஸ்கா பண்டிகை சமயம், அதாவது மார்ச் ஏப்ரல், கோதுமை அறுப்பு பெந்தெகொஸ்தே பண்டிகை சமயம், அதாவது மே ஜூன்.

இப்ப ஆடு. இதுக்கு நேரடியா ஒரு பழைய யூத சான்று இருக்கு, யூத ரபிமாரோட பழைய சட்டத் தொகுப்பான தல்மூதுல, பெய்ட்சாங்கிற பகுதில. வனாந்தர ஆடுமாடுன்னா எதுன்னு பேசுறப்ப ஒரு கருத்து, பஸ்காவுக்கு வெளிய போயி முதல் மழைக்கு உள்ள வர்றதுன்னு சொல்லுது. குளிர்கால வாதம் பண்றவங்க இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்குவாங்க. அதே இடத்துலயே ரபி யூதா ஹநாசியோட கருத்தா இன்னொண்ணும் இருக்கு, கோடைலயும் மாரிலயும் ஊருக்குள்ள வராம வெளியவே மேயுறதுதான் வனாந்தர மந்தைன்னு. ஆக வருஷம் பூரா வெளிய இருந்த மந்தையும் உண்டு.

அப்புறம் அந்த நாட்டு ஆடுங்க பெரும்பாலும் மழைக்காலத்துலதான் குட்டி போடும், ராத்திரி கண் முழிச்சுக் காக்கிறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். இன்னொரு பக்கம், விதைச்ச வயலுக்குள்ள ஆட்டை விட முடியாது, அறுத்த தாள்ல கிடை போடுறதுன்னா அது கோடை வேலை, அதனால லூக்கா சொல்றது கோடைதான்னு வாதாடவும் இடம் இருக்கு. நான் நினைக்கிறது, அந்த வசனம் மாசத்தைச் சொல்றதுக்காக எழுதினது இல்ல, அதை வச்சு டிசம்பர்னும் நிரூபிக்க முடியாது, டிசம்பர் இல்லைன்னும் நிரூபிக்க முடியாது. சுமார் 200ல அலெக்சாந்திரியா கிளெமெந்து எழுதுறப்பவே சிலர் மே 20னு சொல்றாங்கன்னு குறிச்சிருக்காரு, அப்பவே ஒரே பேச்சு இல்ல.

---

பழைய_ஏடு எழுதியது:

களத்துமேடு சார், நீங்க எழுதினது படிக்க ரொம்ப நல்லா இருக்கு, ஆனா கொஞ்சம் அதிகமா பொருத்துறீங்களோன்னு படுது. மூணு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

முதல்ல, உழவன் குளிர்காலத்துல சும்மா இருந்தான்னு யாரும் நினைச்சுடக் கூடாது. நீங்களே கதிரடிக்கிறத சொன்னீங்க, அது எலும்பை முறிக்கிற வேலை, கூடவே வேலி கட்டுறது, வாய்க்கா வெட்டுறது, எரு சுமக்கிறது, விறகு. வேலை இல்லாத காலம் இல்ல, தள்ளிப்போடக் கூடிய வேலை இருந்த காலம். பன்னி வெட்டுறதுக்கு நீங்க சொன்ன காரணம் சரி, ஆனா இதையே நீட்டி, குளிர்காலத்துக்கு முன்னாடி தீவனம் இல்லாம ஆடுமாடு எல்லாத்தையும் வெட்டிடுவாங்க அதான் விருந்துன்னு நிறைய இடத்துல எழுதுறாங்க, அது ரொம்ப மிகை. பண்ணைக் கணக்கு ஏடுகள்ல உழவு மாடு, பசு, பெட்டை ஆடு எல்லாம் வைக்கோலும் உலர்புல்லும் தின்னு குளிர்காலத்தைத் தாண்டுறது தெளிவா இருக்கு. மாட்டை வெட்டிட்டா பிப்ரவரில எதை ஏர்ல பூட்டுவான்? பிப்ரவரி 2 மெழுகுவர்த்தித் திருநாள் அன்னைக்கு உன் உலர்புல்லுல பாதி மிச்சம் இருக்கணும்னு இங்கிலாந்து உழவங்க மத்தில ஒரு சொலவடை, அதுலயே தெரியுதே மாடு உயிரோட நிக்குதுன்னு.

ரெண்டாவது, கறி வெட்டுற உண்மையான நாள் டிசம்பர் 25 இல்ல, நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். 725ல பீட் துறவி எழுதுறப்ப, பழைய ஆங்கிலேயர்கள் நவம்பரை பலி மாசம்னு கூப்பிட்டாங்க, வெட்டப் போற மாடுகளைத் தங்களோட தெய்வங்களுக்கு நேர்ந்து விட்டாங்கன்னு சொல்றாரு. பருவத்தை மட்டும் பாத்து பண்டிகை வச்சிருந்தா நவம்பர்லயே வச்சிருக்கணும். சபை என்ன பண்ணுச்சு? மார்ட்டின் திருநாள்லேர்ந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் நோன்புன்னு வச்சுது, 6ஆம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல கூடுன மக்கோன் சங்கம் வாரத்துக்கு 3 நாள்னு போட்டுச்சு. யோசிச்சுப் பாருங்க, வீட்டுல புதுக்கறி தொங்குது, நோன்பு நாள்ல தொட முடியாது. பருவம் சொன்னது ஒண்ணு, சபை சொன்னது ஒண்ணு. அந்த இழுபறிதான் கிறிஸ்துமஸ் விருந்தை அவ்வளவு பெருசாக்குச்சுன்னு நான் நம்புறேன். வயலும் ஆலயமும் ஒண்ணை ஒண்ணு வளைச்சுக்கிட்டது, ஒண்ணு இன்னொண்ணை உருவாக்கல.

மூணாவது, தேதியே நின்ன இடத்துல நிக்கல. அப்ப புழங்குன ஜூலியன் நாட்காட்டி 128 வருஷத்துக்கு ஒரு நாள் பிந்திக்கிட்டே போச்சு. 14ஆம் நூற்றாண்டுல வருஷத்தோட நீண்ட ராத்திரி டிசம்பர் 13 பக்கம் வந்துருச்சு, அதான் ஸ்காண்டிநேவியால அன்னைக்கு வர்ற புனித லூசியா திருநாள் ராத்திரிதான் நீண்ட ராத்திரின்னு ஒரு பழைய நம்பிக்கை. அதைச் சரிக்கட்ட 1582ல கிரெகோரி போப்பு 10 நாளை வெட்டினாரு, இங்கிலாந்து 1752ல 11 நாளை வெட்டுச்சு. அடுத்த மாசங்கள்ல கிறிஸ்துமஸுக்குப் பூக்குற முள்மரம்னு நம்புன ஒரு மரத்தை, பழைய தேதிலயா புது தேதிலயா பூக்குதுன்னு பாக்கவே ஊர் ஊரா ஜனம் கூடியிருக்கு. அந்த மக்களுக்கு மரம் சொல்ற தேதி பாராளுமன்றம் சொல்ற தேதியை விட பெருசு.

உங்க பக்கத்துக்கு பலம் சேர்க்கிற ஒண்ணும் சொல்லிடுறேன், நியாயம் அதுதான். ஸ்காட்லாந்துல 1640ல கிறிஸ்துமஸ் விடுமுறையை சட்டம் போட்டே எடுத்தாங்க, 1958 வரைக்கும் அது பொது விடுமுறை ஆகல. ஆனா நடுக்குளிர்ல ஒரு கொண்டாட்டம் வேணும்ங்கிறது போகல, அது அப்படியே வருஷப் பிறப்புக்கு நகர்ந்து உக்காந்துக்கிச்சு.

---

மெழுகுவத்தி எழுதியது:

கண்ணு கலங்குற அளவுக்கு எழுதியிருக்கீங்க எல்லாரும், ரொம்ப நன்றி. அடிமைக்கு விடுமுறை இல்லைங்கிற வரி என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சுது.

இன்னும் ஒரு சந்தேகம். முட்டையும் வெண்ணெயும் போட்ட கேக்கு எல்லாம் அந்த காலத்து பருவத்துக்கு ஒத்து வருமா? கோழி குளிர்காலத்துல முட்டை போடாதுன்னு யாரோ சொன்ன ஞாபகம். அப்புறம் வைக்கோல் விஷயத்தை யாரும் தொடலையே.

---

களத்துமேடு எழுதியது:

பழைய_ஏடு சொன்னதை ஏத்துக்கிறேன், அந்த நோன்பு விஷயத்தை நான் விட்டிருக்கக் கூடாது, அதுதான் நடு முடிச்சே.

முட்டை பத்தி நீங்க கேட்டது சரிம்மா. கோழிக்கு ஒரு நாளைக்கு சுமார் 14 மணி நேர வெளிச்சம் இருந்தாதான் ஒழுங்கா முட்டை வைக்கும், விளக்கு இல்லாத காலத்துல வடக்கு ஐரோப்பால டிசம்பர் முட்டை அபூர்வம். பசுவும் பெரும்பாலும் பால் வத்திப் போய் சினையா நிக்கும். அதனால முட்டையும் புதுப் பாலும் ஈஸ்டர் பண்டிகையோட பொருள், கிறிஸ்துமஸோட பொருள் கறி, ஏல், ரொட்டி, சேமிச்ச ஆப்பிள், கொட்டைகள், உலர்பழம். 14ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல சாமர்செட் பக்கம் ஒரு பண்ணையில குடியானவனுக்குக் கிறிஸ்துமஸ் அன்னைக்கு என்னென்ன கொடுக்கணும்னு எழுதி வச்சிருக்காங்க, ரொட்டி, ஏல், மாட்டுக்கறி, பன்னிக்கறி, கூடவே உக்காந்து குடிக்கிறதுக்கு எரிய ரெண்டு மெழுகுவர்த்தி. எல்லாமே அந்த மாசத்துல கைல இருந்த சரக்கு. சீக்கிரம் இருட்டுறப்ப ஏழைக்கு மெழுகுவர்த்தியும் ஒரு விருந்துதான்.

மரத்துல ஆப்பிள் தொங்கவிட்டதும் இப்படித்தான், 1605 வாக்குல ஸ்ட்ராஸ்பர்க்ல வீட்டுக்குள்ள மரம் வச்சு காகிதப் பூ, ஆப்பிள், அப்பம் எல்லாம் மாட்டினாங்கன்னு குறிப்பு இருக்கு. அந்த மாசத்துல பழம்னு கைல இருந்தது பரண்ல வச்ச ஆப்பிள்தானே.

---

கதிர்க்கட்டு எழுதியது:

வைக்கோல் கேட்டீங்களே, எனக்குப் பிடிச்ச பகுதி இது, கிழக்கு ஐரோப்பா. போலந்துல கிறிஸ்துமஸ் முந்தின ராத்திரி மேசை விரிப்புக்கு அடியில உலர்புல் பரப்புவாங்க, குழந்தை இயேசுவைக் கிடத்துன முன்னணையோட, அதாவது தீவனத் தொட்டியோட, நினைவா. முன்னாடி வீட்டு மூலைலயும் தானியக் கட்டு நிறுத்துவாங்க. உக்ரைன்ல அந்த கட்டுக்கு தீதுக்னு பேரு, தாத்தா முன்னோர்ங்கிற அர்த்தம் வர்ற சொல்லு, அறுப்புல எடுத்து வச்ச நல்ல கதிரைத்தான் கட்டுவாங்க. முதல் சாப்பாடு குத்யா, வேகவச்ச முழு கோதுமைல தேனும் கசகசாவும். ஸ்வீடன் நார்வேல ஒரு கதிர்க்கட்டை வெளிய கம்புல கட்டி குருவிக்கு விடுவாங்க. அறுப்பு ஆகஸ்ட்லயே முடிஞ்சிருச்சு, ஆனா அறுப்பை மறக்கலைங்க, நடுக்குளிர்ல அதைத் திரும்ப வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றாங்க. ஃபார்வர்டு எழுதினவர் இதைப் பாக்கலன்னு நினைக்கிறேன்.

அடுத்த விளைச்சலும் அதே மேசைல இருக்கும். குரோஷியா ஹங்கேரி பக்கம் டிசம்பர் 13 லூசியா திருநாள்ல ஒரு தட்டுல கோதுமை விதைப்பாங்க, கிறிஸ்துமஸ் வர்றதுக்குள்ள பச்சையா எழும்பி நிக்கும், அது எவ்வளவு அடர்த்தியோ வர்ற வருஷ விளைச்சல் அவ்வளவுன்னு பாப்பாங்க. பிரான்ஸோட தெற்கு ப்ரொவான்ஸ்ல இதையே டிசம்பர் 4 பார்பரா நாள்ல 3 தட்டுல போடுவாங்க. ஒரு விதத்துல அது விதை சோதனையும்தான், களஞ்சியத்துல வச்ச விதை முளைக்குதா இல்லையான்னு வசந்த விதைப்புக்கு முன்னாடியே கண்ணுல தெரிஞ்சிரும். இது என் சொந்த யோசனை, அந்த ஊர்க்காரங்க சொன்ன காரணம் இல்ல.

ஒண்ணு மட்டும் மனசுல வைங்க, இதெல்லாம் பூமியோட வடபாதிக்குத்தான். ஆஸ்திரேலியால தெற்குப் பக்கம் கிறிஸ்துமஸ் சமயத்துல கோதுமை அறுப்பே நடந்துட்டிருக்கும், அங்க இருக்குற உழவர் குடும்பத்துக்கு இது வருஷத்துலயே ஓய்வில்லாத வாரமா இருக்கலாம்.

---

மெழுகுவத்தி எழுதியது:

அந்த கோதுமைத் தட்டு என்னை அப்படியே பிடிச்சுக்கிச்சு. வாலிபர் கூட்டத்துல இந்த தடவை பேச்சுக்குப் பதிலா அதைத்தான் செய்யப் போறேன், 13ஆம் தேதி போட்டு 24 ராத்திரி பலிபீடத்துக்கிட்ட வைக்கணும். மண்ணுல போடணுமா இல்ல பஞ்சு போதுமா?

---

கதிர்க்கட்டு எழுதியது:

ரெண்டும் ஆகும். முதல் நாள் ராத்திரி ஊற வச்சு, மறுநாள் ஈரப் பஞ்சுலயோ லேசான மண்ணுலயோ நெருக்கமா பரப்புங்க, ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம. தினமும் கொஞ்சமா தண்ணி தெளிச்சா போதும், தேங்கினா பூஞ்சை பிடிச்சிரும். முளை விட்டப்புறம் வெளிச்சத்துல வைங்க. அவங்க வழக்கப்படி எழும்பின பயிரைச் சுத்தி சிவப்பு ரிப்பன் கட்டி நடுவுல ஒரு மெழுகுவர்த்தி நிறுத்துவாங்க. மருந்து கலந்த விதைக்கோதுமை வாங்காதீங்க, பிள்ளைங்க கை வைப்பாங்க.